கடிகாரம் இருவருக்கும் பொதுவாகட்டும்

களம்போலி லாரி நிலையத்திலும் வாஷி மார்க்கெட்டிலும் நாமக்கல், சங்ககிரி லாரிகள் நிற்பதை நம் வாசகர்கள் பலரும் அன்றாடம் பார்க்கிறார்கள். எந்தச் சரக்கை எந்த லாரியில் ஏற்றுவது, எந்த வழியாய் அனுப்புவது, வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் முன்பு புக்கிங் ஆபீஸ்காரரும் புரோக்கரும் குமாஸ்தாவும் டெலிபோனில் பேசி முடிவு செய்தார்கள். இன்று பெரிய கம்பெனிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆர்டர்களை அதில் பதிந்தால் போதும். ஒரே திசையில் போகும் சரக்குகளை எடை பார்த்து ஒரு லாரிக்குச் சேர்த்துக் கொடுக்கிறது. வாடகை கேட்டு டிரான்ஸ்போர்ட்காரர்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. குறைத்துக் கேட்டவருக்கு லோடு போகிறது. லாரி எங்கே போகிறது என்பதை ஜி.பி.எஸ். கருவி காட்டுகிறது. சரக்கு இறங்கியதும் பெற்றவர் செல்போனிலேயே கையெழுத்துப் போடுகிறார். பில் வந்ததும், பேசிய வாடகையோடு ஒத்துப் பார்த்து, தாமதமானால் பிடித்தமும் செய்து விடுகிறது.

இந்த மாற்றத்தை நாம் குறை கூறவில்லை. பழைய முறையின் அவதியை அறிந்தவர்கள் குறை கூறவும் மாட்டார்கள். ரயில்வேயில் ஒரு காலத்தில் நள்ளிரவிலும் கொட்டும் மழையிலும் கைவிளக்கோடு யார்டில் நடந்து, வேகன் எண்களை ஒவ்வொன்றாய் நோட்டில் எழுதி வருவதற்கென்றே சிப்பந்திகள் இருந்தார்கள். ஓர் எண்ணைத் தவறாய் எழுதிவிட்டால் அந்த வேகன் எங்கே போயிற்று என்று தேடுவதே ஒரு தனி வேலை. அனுப்பிய மூட்டை எங்கே என்று கேட்டு வியாபாரி கூட்ஸ் ஷெட்டுக்கும் வீட்டுக்குமாய் அலைந்தார். 1986இல் ரயில்வேயின் கம்ப்யூட்டர் பணிகளுக்காக ‘கிரிஸ்’ என்ற அமைப்பு டில்லியில் ஏற்பட்டது. அது நடத்தும் சரக்குத் தகவல் முறையில், எந்த வேகன் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பதை இன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிகிறது. ரயில்வே ரசீதும் மின்னணு வடிவில் கிடைக்கிறது. இது நல்ல முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

சாலையிலும் அப்படியே. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது மும்பையின் ஆக்ட்ராய் நாக்காக்கள் மூடப்பட்டன. மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியிலிருந்து டோல் கேட்டில் பாஸ்டாக் கட்டாயமாயிற்று. முன்பு டிரைவர்கள் நாக்காவில் கழித்த இரவுகளை நினைத்தால் இது பெரிய விடுதலைதான்.

ஆனால் இந்த வசதிகளின் பலன் யாருக்கு, பாரம் யாருக்கு என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

முதலில் குமாஸ்தாவின் நிலையைப் பார்ப்போம். ரூ.50,000க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். இதில் தூரத்துக்கு ஏற்பக் கெடு உண்டு. 2021 ஜனவரி முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள். மும்பையிலிருந்து சென்னை வரை சுமார் 1,300 கி.மீ. என்றால் ஏழு நாள் கிடைக்கும். வழியில் லாரி பழுதாகிக் கெடு தீரும் நிலை வந்தால், தீருவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னுமாக மட்டுமே நீட்டிக்கலாம். போட்ட பில்லில் சரக்கு விவரத்தைத் திருத்த வழியில்லை. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாய்ப் போட வேண்டும். இத்தனை விதிகளையும் தலையில் வைத்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு மேல் லாரிகள் கிளம்பும் நெரிசலில், டெலிபோன் ஒரு காதிலும் முதலாளியின் குரல் மறு காதிலுமாக, ஒரு குமாஸ்தா எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

நமக்குத் தெரிந்த ஒரு புக்கிங் ஆபீஸில் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் லாரி எண்ணில் இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டுவிட்டார். வழியில் சோதனையில் லாரி பிடிபட்டு இரண்டு நாள் நின்றது. கட்டிய பணமும், இரண்டு நாள் ஹால்டிங் காசும் மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டன. ஊருக்கு அனுப்பும் மணியார்டர் பணம் பாதியாகிவிட்டது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஆபீஸில் ஒருவருக்கும் விதி தெரிந்திருக்கவில்லை. லாரி எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை, பெயரில் எழுத்துப் பிழை, முகவரி சரியாயிருந்து பின்கோடில் மட்டும் பிழை போன்றவற்றுக்காகச் சரக்கைப் பிடித்து வைத்துப் பெரிய அபராதம் போடக்கூடாது என்றும், மத்திய ஜி.எஸ்.டி. ரூ.500, மாநில ஜி.எஸ்.டி. ரூ.500 என்று ஆயிரம் ரூபாய் அபராதமே விதிக்க வேண்டும் என்றும், வெளிமாநிலச் சரக்கானால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யாக அதே ஆயிரம் என்றும் மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018 செப்டம்பர் 14ஆம் தேதியே 64ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு புக்கிங் ஆபீஸிலும் இதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். டிரைவர் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். தொழிலாளியின் தவறால் நஷ்டம் என்று சம்பளத்தில் பிடிப்பதானால் முதலில் அவரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே உள்ள பாதுகாப்பு. இப்போதைய சம்பளத் தொகுப்புச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. அந்த இளைஞரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் முறையை அமைப்பவர்கள் நினைத்தால் இப்படிப்பட்ட பிழையைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம். ரயில்வே வேகனின் எண் 11 இலக்கம் கொண்டது. கடைசி இலக்கம், முந்தைய பத்தையும் கூட்டிப் பெருக்கிக் கணக்கிட்டு வருவது. ஓர் இலக்கத்தைத் தவறாய்த் தட்டினால் கணக்கு ஒத்துவராது, அங்கேயே தெரிந்துவிடும். கப்பல் கண்டெய்னர் எண்ணிலும் கடைசியில் இத்தகைய காவல் இலக்கம் உண்டு. லாரி எண்ணுக்கு அது கிடையாது. கிடையாது என்று தெரிந்திருந்தும், ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்க ஆள் போடாமல், பிழையை மட்டும் குமாஸ்தாவின் தலையில் கட்டுவது நியாயமல்ல. மனிதன் தவறு செய்வான் என்று எண்ணித்தான் ரயில்வே வேகனுக்கு ஓர் இலக்கத்தைக் கூடுதலாய்க் கொடுத்தார்கள்.

அடுத்தது டிரைவர். லாரி கம்பெனி கேட்டை எத்தனை மணிக்குத் தொட்டது என்பது நிமிடக் கணக்கில் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. அரைநாள் தாமதமானால் வாடகையில் பிடித்தம். ஆனால் அதே கேட்டுக்கு வெளியே, இறக்க இடமில்லை என்று சொல்லி லாரியை ஒரு நாள், ஒன்றரை நாள் நிறுத்தி வைத்தால்? அந்த நேரமும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துப் பார்ப்பார் இல்லை. ஹால்டிங் கேட்டால் ‘அடுத்த லோடு வேண்டாமா?’ என்ற பதில் வருகிறது. டிரைவரும் கிளீனரும் நிழலில்லாத ரோட்டோரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிறார்கள். இழந்த நேரத்தை ஈடுகட்ட அடுத்த ஓட்டத்தில் தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுகிறார்கள். சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு எட்டு மணி என்று மோட்டார் தொழிலாளர்களுக்கு 1961லேயே சட்டம் செய்த நாடு இது.

ரயில்வேயில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. சரக்கு வேகன்களை இறக்குமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இத்தனை மணி இலவச நேரம், அதற்கு மேல் வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ். ஷெட்டில் சரக்கைக் கிடக்கவிட்டால் வார்பேஜ். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் இந்தக் கடிகாரத்துக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாய் ஆள் வைத்து இறக்கிக்கொள்கிறது. இரும்பு வேகனின் நேரத்துக்கு விலை இருக்கிறது. லாரி டிரைவரின் நேரத்துக்கு மட்டும் விலை இல்லையா?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மூட்டை தூக்குபவரின் கூலிக்குக் கணக்கே கிடையாது என்றிருந்த காலம் உண்டு. 1969இல் மகாராஷ்டிரம் மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளியைப் பதிவு செய்து, வேலை கொடுப்பவர் கூலியையும் அதற்குமேல் லெவியையும் வாரியத்தில் கட்ட, வாரியத்தின் மூலம் கூலி தொழிலாளிக்குச் சேரும் ஏற்பாடு அது. கம்ப்யூட்டர் இல்லாத நாளில், வெறும் பேரேடும் பேனாவும் கொண்டு செய்த காரியம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். லாரி உரிமையாளர் சங்கங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இலவச நேரம் இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். அதில் டிரைவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். கேட்டில் பதிவாகும் நேரம் டிரைவரின் செல்போனுக்கும் அவருக்குத் தெரிந்த மொழியில் வர வேண்டும். பல இலாகாக்களின் தகவல்களை ஒன்றாய் இணைக்க மத்திய அரசு 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையை அறிவித்தது. சரக்கு எங்கே என்று கேட்பதோடு நிற்காமல், லாரி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையும் அந்த ஏற்பாடு கேட்கட்டும்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய நம் பெரியவர்கள், அந்த இரண்டையும் கொண்டே மாதுங்காவிலும் செம்பூரிலும் குடும்பங்களை நிலைநிறுத்தினார்கள். இன்று இந்த சாப்ட்வேரைக் கற்றவருக்கு வேலை கிடைக்கிறது. கற்றுக்கொள்ளுங்கள். பில் போடும் விதத்தோடு அதன் விதிகளையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் பதிந்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழி வரும் நாளில் அந்தத் தாள்தான் துணை நிற்கும்.

கம்ப்யூட்டருக்கு முதலாளி, தொழிலாளி என்ற பேதம் தெரியாது. அது எல்லாருடைய நேரத்தையும் ஒன்றுபோலவே குறித்து வைக்கிறது. குறித்ததில் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மறு பக்கத்தை மூடி வைப்பது மனிதர்கள் செய்யும் வேலை. அதை மனிதர்கள்தான் திருத்த வேண்டும்.