பிங் போகுதே, அப்புறம் என்ன?

நெட்வொர்க் டீம்ல பொட்டி தட்டுற எல்லாருக்கும் ஒரு வசனம் மனப்பாடம். "பிங் போகுதே சார்." கிளை ஆபீஸ்ல இருந்து யாராவது போன் பண்ணி, மெதுவா இருக்கு, ஸ்க்ரீன் தொங்குது, போன்ல குரல் அறுந்து அறுந்து வருதுன்னு புலம்பினா, அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு பிங் அடிப்பாங்க. நாலும் திரும்பி வந்துட்டா கேஸ் முடிஞ்சது. போன் பண்ணினவருக்குத்தான் ஏதோ கோளாறு, இல்லேன்னா அவர் கம்ப்யூட்டர்ல வைரஸ். இந்த வசனத்து மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இன்னிக்குக் கொட்டிடறேன். நெட்வொர்க் பக்கமே தலை வச்சுப் படுக்காத மக்களும் தாராளமா படிக்கலாம், கணக்கு கொஞ்சம்தான் வரும்.

முதல்ல பிங் பாவம்ங்க, அது மேல தப்பில்லை. மைக் மூஸ்னு ஒருத்தர், அமெரிக்க ராணுவத்தோட பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்தவர், 1983 டிசம்பர்ல ஒரே சாயங்காலத்துல எழுதி முடிச்ச சின்ன புரோகிராம் அது. நீர்மூழ்கிக் கப்பல் சோனார் போடுற சத்தம்தான் பேருக்குக் காரணம். "அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?"ன்னு குரல் கொடுக்கிற வேலை அதுக்கு. அதை நல்லாவே செய்யும். நாமதான் அதைக் கொண்டு போய் ஜட்ஜ் நாற்காலியில உக்கார வச்சிருக்கோம்.

விண்டோஸ்ல சும்மா பிங் அடிச்சா நாலே நாலு பேக்கெட் போகும். ஒவ்வொண்ணுலயும் 32 பைட் சரக்கு. செகண்டுக்கு ஒண்ணு. இப்ப அந்த லைன்ல 100க்கு 2 பேக்கெட் தொலையுதுன்னு வச்சுக்குங்க. நாலும் பத்திரமா திரும்பி வர்ற வாய்ப்பு எவ்ளோ தெரியுமா? 92 சதவீதம். அதாவது பத்து தடவை சோதிச்சா ஒன்பது தடவை "லைன் சூப்பர்"னு பதில் வரும். அந்த 2 சதவீதத்தோட நாள் பூரா மல்லுக்கட்டுறவங்களுக்குத்தான் வலி தெரியும்.

2 சதவீதம்தானே, 98 போகுதேன்னு கேக்கறவங்களுக்காக அந்தக் கொஞ்சூண்டு கணக்கு. மேத்திஸும் அவரோட கூட்டாளிகளும் 1997ல ஒரு சூத்திரம் போட்டாங்க. ஒரு டிசிபி இணைப்போட வேகம், போய்த் திரும்புற நேரத்துக்கும், தொலையுற விகிதத்தோட வர்க்கமூலத்துக்கும் தலைகீழா இருக்கும்னு. 40 மில்லிசெகண்ட் தூரத்துல இருக்கிற ரெண்டு ஆபீஸ், நடுவுல 1 சதவீதம் இழப்புன்னா, ஒரு ஃபைல் காப்பி கிட்டத்தட்ட 3.5 எம்பிபிஎஸ் தாண்டாது. லைன் 10 எம்பியா இருந்தாலும் அதே 3.5தான், 100 எம்பியா இருந்தாலும் அதே 3.5தான். (2016ல கூகுள் விட்ட பிபிஆர் மாதிரி புதுசுங்க இதுல கொஞ்சம் தப்பிக்கும். ஆனா நம்ம ஆபீஸ் சர்வர்ல அது எங்க ஓடப் போகுது!)

இப்பச் சொல்லுங்க, லைன் மெதுவா இருக்குன்னா உடனே "பேண்ட்வித்தை டபுள் பண்ணிடலாம்"னு கொட்டேஷன் நீட்டறாங்களே, அது எதுக்கு? ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போடுற கதைதான்.

இந்த விஷயம் புதுசும் இல்லை. 1986 அக்டோபர்ல, அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துல இருக்கிற பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல இதேதான் நடந்தது. ரெண்டு கட்டடத்துக்கும் 400 கஜம் தூரம். பேப்பர்ல எழுதி ஆள்கிட்ட கொடுத்து அனுப்பியிருக்கலாம். வேகம் 32 கேபிபிஎஸ்ல இருந்து 40 பிபிஎஸ்ஸுக்கு விழுந்தது. எழுத்துப் பிழை இல்லைங்க, 40 பிட். வான் ஜேக்கப்சன்னு ஒருத்தர் ஏன்னு உக்காந்து குடைஞ்சார். நெரிசல்ல பேக்கெட் தொலையுது, தொலைஞ்சதை எல்லா மிஷினும் மறுபடி மறுபடி அனுப்புது, அதனாலயே நெரிசல் இன்னும் கூடுதுன்னு கண்டுபிடிச்சார். 1988ல அவர் எழுதின கட்டுரைதான் இன்னிக்கு வரைக்கும் டிசிபி நடந்துக்கிற விதத்துக்கு அஸ்திவாரம். நடுவுல 1987ல ட்ரேஸ்ரூட் எழுதினதும் அதே மனுஷன்தான். இவர் "பிங் போகுதே"ன்னு கிளம்பிப் போயிருந்தா நாமெல்லாம் இன்னும் தந்தி அடிச்சுக்கிட்டு இருப்போம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2014ல எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி. தலைமை ஆபீஸ் கிண்டியில, கிளை கோயமுத்தூர்ல. நடுவுல ஒரு லீஸ்டு லைன். கோயமுத்தூர்ல கணக்கு பாக்குற ஒரு அக்கா, ஒரு பில் என்ட்ரி போட்டு சேவ் அழுத்தினா சில சமயம் பட்டுனு போகும், சில சமயம் மணல் கடிகாரம் சுத்திக்கிட்டே இருக்கும். மாசக் கடைசியில ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்காந்திருப்பாங்க. மூணு வாரத்துல அவங்க கம்ப்யூட்டரை ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு. "உங்க கை வேகம் பத்தலம்மா"ன்னு ஒருத்தர் சொல்லவும் சொல்லிட்டார். இருபது வருஷமா கணக்கு பாக்குறவங்ககிட்ட! கிண்டியில எல்லாரும் பிங் அடிச்சுப் பாத்தாச்சு, சூப்பர். லைன் கொடுத்த நிறுவனமும் பாத்துட்டு "எங்க பக்கம் ஓகே"ன்னு மூணு தடவை டிக்கெட்டை மூடியாச்சு. பேண்ட்வித்தைக் கூட்டுறதுக்கு ஃபைல் கையெழுத்துக்குப் போயிடுச்சு. நாலாவது வாரம்தான் என்னைக் கூப்பிட்டாங்க.

நான் பெருசா ஒண்ணும் பண்ணலை. கோயமுத்தூர் ரவுட்டர்ல நுழைஞ்சு, லைன் வர்ற போர்ட்டோட கணக்கைப் பாத்தேன். சிஆர்சி எரர் ஆயிரக்கணக்குல. கவுண்டரை பூஜ்யம் பண்ணிட்டு ஒரு பெரிய ஃபைலை அனுப்பினேன். கண்ணு முன்னாடியே ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறுது. நிறுத்தினா நின்னுடுது. அந்த நேரம் பிங் அடிச்சா அழகா போகுது!

விஷயம் என்னன்னா, ஃபைபரைத் தாமிரமா மாத்துற மீடியா கன்வர்ட்டர்னு ஒரு குட்டிப் பொட்டி உண்டு. இடி மின்னல்ல அது போயிடுச்சுன்னு லைன்காரங்க புதுசு மாட்டிட்டுப் போயிருக்காங்க. ரவுட்டர் போர்ட்டை ஒரு காலத்துல 100 எம்பி, ஃபுல் டூப்ளெக்ஸ்னு கட்டிப் போட்டு வச்சிருக்காங்க. புதுப் பொட்டியோ ஆட்டோவுல இருக்கு. ஆட்டோவுல இருக்கிற பக்கம், எதிராளி பேச்சுவார்த்தைக்கே வரலைன்னா, வேகத்தை மட்டும் கண்டுபிடிச்சுக்கிட்டு பேசாம ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிடும். இது அதோட குறை இல்லை, விதியே அதுதான். ஆக ஒருத்தர் எப்ப வேணா பேசறார், இன்னொருத்தர் எதிராளி வாயை மூடினாத்தான் பேசுவார். ரெண்டு பேரும் சேர்ந்து பேசற நேரத்துல சட்னி. பிங் மாதிரி ஒண்ணே ஒண்ணு போய் ஒண்ணே ஒண்ணு வந்தா மோதல் எப்படி வரும்? அக்கா பில் சேவ் பண்ற நேரத்துல நாலு பேர் வேலை பாப்பாங்க, அப்பத்தான் வரும். அந்த நேரத்துல சின்னப் பரிமாற்றத்தோட கடைசி பேக்கெட் தொலைஞ்சா, வரலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. டைமர் முடியுற வரைக்கும் காத்திருந்துதான் திரும்ப அனுப்பணும். அதுவும் தொலைஞ்சா காத்திருப்பு இரட்டிப்பு. மணல் கடிகாரம் சுத்தினது அதுக்குத்தான்.

ரெண்டு பக்கமும் ஆட்டோன்னு மாத்தினோம். அரை நிமிஷ வேலை.

இங்கதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கு. அந்த சிஆர்சி எண்ணிக்கை நாலு வாரமா அங்கயேதான் இருந்தது. லாகின் பண்ணினா பத்து செகண்ட்ல தெரியும். ஆனா ஒருத்தரும் பாக்கலை. ஏன்னா அவங்க தேடினது கோளாறை இல்லை, கோளாறு தன் பக்கம் இல்லைங்கிற சர்ட்டிபிகேட்டை. லைன்காரர் கன்வர்ட்டர் வரைக்கும் பாப்பார், ஆபீஸ்காரர் ரவுட்டர்ல இருந்து பாப்பார். நடுவுல இருக்கிற அரை மீட்டர் கேபிளை யாரும் தத்து எடுக்க மாட்டாங்க. என் அனுபவத்துல ரெண்டு ஆபீஸ் இணைப்புல பாதிப் பிரச்சினை அந்த அரை மீட்டர்லதான் குடியிருக்கு.

எதிர்க்கருத்தும் உண்டு, ஒத்துக்கறேன். இழப்பே இருக்கக்கூடாதுன்னு அடம் பிடிக்கிறதும் தப்பு. லைன் நிரம்பினா பேக்கெட் விழத்தான் செய்யும், வேகத்தைக் குறைன்னு டிசிபிக்கு அதுதான் சிக்னல். அதே மாதிரி எம்டிஆர் ஓட்டிப் பாத்துட்டு நடுவுல ஒரு ரவுட்டர்ல 40 சதவீதம் லாஸ்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க. அந்த ரவுட்டர் உங்களுக்குப் பதில் சொல்றதைத்தான் குறைச்சிருக்கு, உங்க சரக்கைக் கடத்துறதை இல்லை. அதே இழப்பு கடைசிப் படி வரைக்கும் தொடர்ந்தாத்தான் கவலைப்படணும்.

பேண்ட்வித் நிஜமாவே காரணமா இருக்கிறதும் உண்டு, ஆனா அதையும் ஐந்து நிமிஷ சராசரி கிராஃப் காட்டாது. 1 ஜிபி போர்ட்ல 50 எம்பி கான்ட்ராக்ட்னா, பத்து மில்லிசெகண்ட் முழு வேகத்துல கொட்டினாலே 1.25 மெகாபைட் போயிடும். லைன்காரரோட போலீசர் மிச்சத்தை வெட்டிப் போடும். கிராஃப்ல 30 சதவீதம்னு சாந்தமா ஒரு கோடு தெரியும். இதுக்கு மருந்து, நம்ம ரவுட்டர்லயே 50க்குக் கொஞ்சம் கீழ ஷேப் பண்றது. பைசா செலவில்லை.

விபிஎன் வழியா போறவங்களுக்கு இன்னொண்ணு. சின்ன மெயில் போகுது, அட்டாச்மென்ட் வச்சா தொங்குதுன்னா, அது இழப்பு மாதிரி வேஷம் போட்ட எம்டியு தகராறு. டிஎஃப் பிட் வச்சு 1472 பைட்ல பிங் அடிங்க (பிங் உதவுற இடம் இது!), போகலைன்னா குறைச்சுக்கிட்டே வாங்க. போற அளவு தெரிஞ்சதும் டிசிபி எம்எஸ்எஸ்ஸை அதுக்குள்ள அடக்குங்க. "பாக்கெட் பெருசா இருக்கு"ன்னு ஐசிஎம்பி தகவல் திரும்பி வரணும். செக்யூரிட்டிங்கிற பேர்ல ஃபயர்வால்ல ஐசிஎம்பியை மொத்தமா அடைச்சு வச்ச புண்ணியவான் யாராவது நிச்சயம் இருப்பார்.

இதுக்கெல்லாம் மேல, குறை சொல்றவங்களை நம்புங்கய்யா. எத்தனை மணிக்கு, எந்த ஸ்க்ரீன்ல, எத்தனை பேர் வேலை பாக்கும்போதுன்னு அந்த அக்கா ஒரு பழைய டைரியில எழுதியே வச்சிருந்தாங்க. காலையில பதினொண்ணும், சாயங்காலம் நாலும். கிண்டியில யாரும் அதைக் கேக்கலை. எந்த மானிட்டரிங் சாஃப்ட்வேரும் அவ்வளவு சுத்தமா எனக்குச் சொன்னதில்லை.

லைன் கொடுத்த நிறுவனத்தோட டிக்கெட்டுக்கு மறுநாள் பதில் வந்தது. "வாடிக்கையாளர் பக்கப் பிரச்சினை, சரி செய்யப்பட்டது."

டிஸ்கி: எந்த நிறுவனம்னு கேட்டு தனிமடல் அனுப்பாதீங்க, சொல்ல மாட்டேன். உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு அரை மீட்டர் கேபிள் கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க, கும்மி அடிக்கலாம்.