எச்சரிக்கை யாருடைய பொறுப்பு? வட்டவடையை முன்வைத்து ஒரு மறுப்பு

“எச்சரிக்கை விடுத்தோம், மக்கள் பொருட்படுத்தவில்லை.” பேரிடர் குறித்த அரசு அறிக்கைகளிலும் நம் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த வாக்கியம் பல வேடங்களில் வருகிறது. விழிப்புணர்வின்மை, அபாய உணர்வுக் குறைபாடு, எச்சரிக்கைச் சலிப்பு என்று கலைச்சொற்கள் மாறும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மட்டும் மாறுவதில்லை. எப்போதும் கேட்டவரே நிற்கிறார். ஊதியவரை எவரும் அழைத்து விசாரிப்பதில்லை.

அடுத்தடுத்த பொய்யெச்சரிக்கைகளால் மக்கள் மரத்துப்போகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. “புலி வருது, புலி வருது” என்ற பேச்சு வழக்கே அதற்குச் சான்று. ஆனால் பொய்யெச்சரிக்கைக்கு எங்கும் கணக்கு வைக்காத ஓர் ஒழுங்குமுறையை நடத்திக்கொண்டு, மரத்துப்போனவரைக் குறைசொல்வது ஆய்வும் அன்று, ஆட்சியும் அன்று. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழகத்து மலைகளை ஒட்டிக் கிடக்கும் வட்டவடை ஊராட்சியை வைத்து இதைப் பேச விரும்புகிறேன். அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். முதுவர் குடிகளும் உண்டு. காய்கறியும் பூண்டும் அவர்களது வாழ்வாதாரம்.

முதலில் சட்டம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். பிரிவு 54, பேரிடர் பற்றியோ அதன் கடுமை பற்றியோ பொய்யான எச்சரிக்கையை எழுப்பி அல்லது பரப்பிப் பீதியை உண்டாக்குபவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. பிரிவு 74, அரசு அலுவலர்கள் தம் பதவியின் பொருட்டு விடுக்கும் எச்சரிக்கைகளுக்காக அவர்கள்மீது சட்ட நடவடிக்கை எடுக்க இயலாது என்கிறது. ஆக, நம் சட்டத்தில் பொய்யெச்சரிக்கை என்பது செயலின் பெயராக இல்லை. செய்பவரைப் பொறுத்து அது ஓரிடத்தில் குற்றமாகவும் ஓரிடத்தில் கடமையாகவும் ஆகிறது. நள்ளிரவில் மலை முழங்கும் ஒலியைக் கேட்டு ஊரை எழுப்பும் தோட்டத் தொழிலாளி, மலை சரியாமல் போனால் பிரிவு 54ஐ நினைத்து அஞ்ச வேண்டும். அலுவலருக்கு அந்த அச்சம் இல்லை.

அலுவலருக்கான காப்பை நீக்க வேண்டும் என்பது என் வாதமன்று. இத்தாலியின் லாக்குயிலா நகரில் 2009இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்கு முன் மக்களுக்குத் தவறான நம்பிக்கை அளித்தார்கள் என்று 2012இல் ஆறு அறிவியலாளர்கள் தண்டிக்கப்பட்டனர். 2014இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். அச்சத்தில் வைக்கப்பட்ட அறிஞர் வாய் திறக்க மாட்டார் என்று உலகெங்கும் அறிவியலாளர்கள் அப்போது எழுதினார்கள். சரியான வாதம். ஆனால் அது அறிஞருக்கு மட்டும் பொருந்தும் வாதமா? அச்சத்தில் வைக்கப்பட்ட தொழிலாளியும் வாய் திறக்க மாட்டார். நல்லெண்ணத்தில் ஊதியவருக்கு உரிய காப்பு, பதவி பார்த்து வழங்கப்படுவதேன்?

அடுத்து, செலவுக் கணக்கு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வீட்டிலும் கடையிலும் திருட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்த உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கருவி காரணமின்றி அலறிக் காவலர் வீணாக வந்து திரும்பினால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் உரிமையாளர் அபராதம் கட்ட வேண்டும். சால்ட் லேக் சிட்டி நகரம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் இன்னும் கண்டிப்பான விதியைக் கொண்டுவந்தது: தனியார் காவலர் ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்த பின்னரே காவல்துறை வரும். இவ்விதிகளில் குறைகள் இருக்கலாம். ஆனால் அவற்றின் அடிப்படை தெளிவானது. பொய்யொலியின் செலவு, ஒலிப்பானை வைத்திருப்பவர் தலையில் விழுகிறது.

நம் மலைகளில் அது கேட்பவர் தலையில் விழுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்ட வாரியாக மக்களை வந்தடைகின்றன. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்றால் மிகக் கடும் மழை, சிவப்பு. இடுக்கியோ ஏறத்தாழ 4,600 சதுர கிலோமீட்டர் பரப்புடைய, கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டம். தென்மேற்குப் பருவக்காற்று பீர்மேட்டிலும் மூணாற்றிலும் கொட்டித் தீர்க்கும் நாளில், மலைத்தொடரின் மறுபுறத்து மழைமறைவில் இருக்கும் வட்டவடையில் தூறல் மட்டுமே விழுவதுண்டு. வண்ணம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. மேகம் மாவட்ட எல்லையைப் பார்த்துப் பெய்வதில்லை. எச்சரிக்கை மாவட்ட எல்லையைப் பார்த்தே வருகிறது.

வண்ணம் மாறினால் மலைப்பாதைகளில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வரும், சுற்றுலா நிற்கும், பள்ளிகள் மூடப்படும். அறுத்து மூட்டை கட்டிய கேரட்டும் முட்டைக்கோசும் சந்தைக்குப் போகாமல் கிடக்கும். ஜீப் ஓட்டுநருக்கும் கூலியாளுக்கும் அன்றைய வருமானம் போகும். மழை வராவிட்டால் இந்த இழப்பை எவரும் எழுதிவைப்பதில்லை. நான்கு முறை இழந்தவர் ஐந்தாம் முறை வண்ணத்தைப் பாராமல் வண்டியை எடுப்பது அறியாமை அன்று. தம் பட்டறிவிலிருந்து அவர் செய்த கணக்கு அது. அதற்கு ‘அசட்டை’ என்று பெயரிடுகிறோம்.

மூன்றாவது, என் துறைக்கு மிக நெருங்கியது: மொழி. மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின், சொல்லால் செயல் புரிவது பற்றிய தம் உரைகளில் எச்சரித்தலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். நான் சொல்வது கேட்பவர் காதில் விழுந்து, எச்சரிக்கை என்ற பொருளிலேயே கொள்ளப்பட்டால் ஒழிய, நான் எச்சரித்தேன் என்று கூற இயலாது என்பது அவர் கருத்து. மொழியியல் முதலாண்டு மாணவர் அறிந்த இச்செய்தி நம் பேரிடர் ஆட்சிக்கு எட்டவில்லை. அங்கு எச்சரித்தல் என்பது அனுப்புதல்.

கேரளத்தில் இவ்வறிவிப்புகள் முதன்மையாக மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. “இரண்டும் உறவு மொழிகள்தாமே, புரியாதா?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: உறவு மொழியில்தான் இடர் மிகுதி. அறவே அறியாத மொழி என்றால் கேட்பவர் அருகிலுள்ளவரிடம் விசாரிப்பார். உறவு மொழியில் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். மலையாளத்தில் ‘முன்னறியிப்பு’ என்றால் எச்சரிக்கை. தமிழ்க் காதுக்கு அது ‘முன்னறிவிப்பு’. மின்தடைக்கும் கூட்டத்துக்கும் கொடுப்பது போன்ற ஒரு தகவல். ‘மாறித் தாமசிக்கணம்’ என்றால் வேறிடம் சென்று தங்க வேண்டும் என்பது பொருள். தமிழில் தாமசம் என்பது காலதாழ்வு. மூணாற்றிலேயே பிறந்து வளர்ந்தவர் இவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டார். அண்மையில் தேனியிலிருந்து மணமாகி வந்த பெண்ணும், தமிழ்வழி படித்து மலையாள எழுத்தறியாத முதியவரும் குழம்புவார்கள். தோட்டங்களில் இன்று வேலை செய்யும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் நிலை இன்னும் கடினம்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநில அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளிக்கிறது. விடையும் தமிழிலேயே வர வேண்டும். போற்றத்தக்க விதி. ஆனால் அது கடிதம் எழுத நேரமுள்ளவருக்கான உரிமை. மலை சரியும் இரவில் அரசு நம்மிடம் பேசும்போது எம்மொழியில் பேச வேண்டும் என்பதை அச்சட்டம் தொடவில்லை.

2025 ஜனவரியில் கேரள அரசு ‘கவசம்’ என்ற எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 126 சைரன்கள். கட்டுப்பாட்டு மையங்களிலிருந்து இயக்கப்படுபவை. குரல் அறிவிப்பும் தரக்கூடியவை. பெயர் இரு மொழியிலும் ஒன்றே. அறிவிப்பும் இரு மொழியில் வர வேண்டும் என்று கேட்பது மிகையா?

அனுப்புதலையே எச்சரித்தலாகக் கொள்ளும் மனப்பாங்கை 2024இல் நாடே கண்டது. ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. மறுநாள் ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, ஜூலை 23ஆம் தேதியே எச்சரிக்கை அனுப்பிவிட்டோம் என்று நாடாளுமன்றத்தில் கூறினார். முதலமைச்சர் பினராயி விஜயன் அதை மறுத்து, அத்தகைய சிவப்பு எச்சரிக்கை உரிய வேளையில் வரவில்லை என்றார். இரு தரப்பும் பேசியது மடல் சென்ற தேதியைப் பற்றி. அந்த எச்சரிக்கை எந்த வீட்டு வாசலை எம்மொழியில் அடைந்தது என்பது அந்த வாதத்தில் இடம்பெறவே இல்லை.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுள் போயின. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. பல நாள் மழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்திருந்தன. வெளியுலகம் செய்தியை அறிந்தது மறுநாள் காலையில். அங்கு கீழ்நோக்கி வர எச்சரிக்கைக்கு வழியில்லை. மேல்நோக்கிச் செல்ல அலறலுக்கும் வழியில்லை. அம்மக்களை ‘விழிப்புணர்வு அற்றவர்’ பட்டியலில் சேர்ப்பவர் எவராயினும், அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி மறுப்புரை வரும்: “சைரனின் விசையை ஊரார் கையில் கொடுத்தால் நாளொரு பீதி கிளம்பும்.” இதற்கு வரலாறே விடை சொல்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து போபால் யூனியன் கார்பைடு ஆலையின் வெளிச் சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மக்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்பதே ஆலையின் நடைமுறை. நச்சுக்காற்று ஊருக்குள் சென்ற வேளையில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. பீதியைத் தவிர்த்தார்கள், ஆயிரக்கணக்கான உயிர்களைத் தவிர்க்கவில்லை. மறுபுறம், 2018 ஜனவரி 13 அன்று ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்று எல்லாக் கைப்பேசிகளுக்கும் பொய்யெச்சரிக்கை சென்றது. திருத்தம் வர 38 நிமிடங்கள் ஆயின. அனுப்பியவர் ஊரார் அல்லர், பயிற்சி பெற்ற அரசு ஊழியர்.

ஊரார் கையில் விசை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே ஆனைமலைத் தொடரில் சான்று உண்டு. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், யானை நடமாட்டத்தைத் தமிழில் குரல் அழைப்பாகவும் குறுஞ்செய்தியாகவும் தெரிவிக்கிறார்கள். தோட்டங்களுக்கிடையே கைப்பேசி அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகளை நிறுத்தினார்கள். பதிவுசெய்த எண்களிலிருந்து விளக்கை எரியவிடும் பொறுப்பைக் காலப்போக்கில் தொழிலாளர்களே ஏற்றுக்கொண்டார்கள். யானையால் நேரும் உயிரிழப்பு குறைந்தது. அந்த விளக்கு மாவட்டத்துக்கு எரிவதில்லை. அந்த வளைவுக்கு, அந்தக் குடியிருப்புக்கு எரிகிறது. ஏற்றியவரை ஊருக்குத் தெரியும். தவறினால் மறுநாள் டீக்கடையில் அவர் பதில் சொல்ல வேண்டும். பிரிவு 54ஐ விட வலிய கட்டுப்பாடு அது.

ஊரைப் புனிதப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. பட்டியல் சாதியினருக்கு முடிதிருத்த மறுத்த காரணத்தால், 2020இல் ஊராட்சியே பொது முடிதிருத்தகம் திறக்க நேர்ந்த ஊரும் இதே வட்டவடைதான். ஊர் என்று சொன்னவுடன் யாருடைய ஊர் என்ற கேள்வி எழும். ஆகவே விசை ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் தொங்கக் கூடாது. பட்டியல் சாதியினர் தெருக்களிலிருந்தும், முதுவர் குடிகளிலிருந்தும், பெண்களிலிருந்தும் பொறுப்பாளர்கள் வர வேண்டும்.

கேட்பவை பெரியவை அல்ல. ஊராட்சி தன் அளவில் ஓர் எச்சரிக்கை விதியை இயற்றட்டும். அதற்குத் தேவையான அதிகாரத்தை மாநிலம் வழங்கட்டும். எச்சரிக்கை மாவட்டத்துக்கு அன்றி வார்டுக்கும் குடிக்கும் உரியதாக வரட்டும். சைரனைத் தொடரும் குரல் தமிழிலும் ஒலிக்கட்டும். வேற்று மாநிலத் தொழிலாளர் உள்ள தோட்டங்களில் இந்தியிலும் ஒலிக்கட்டும். நல்லெண்ணத்தில் ஊதிய குடிமகனுக்குப் பிரிவு 74இன் காப்பு கிட்டட்டும். ஒவ்வோர் எச்சரிக்கையும் பலித்ததா, இல்லையா, எவருக்கு என்ன இழப்பு என்று கிராம சபையில் ஆண்டுதோறும் படிக்கப்படட்டும். வீணான எச்சரிக்கையால் கூலி இழந்தவருக்கு ஈடு தரப்படட்டும். ஈடு கிடைக்கும் என்று அறிந்தவர் அடுத்த முறையும் வண்டியை நிறுத்துவார்.

ஆய்வு மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வினாநிரலில் ‘எச்சரிக்கையை அறிந்திருந்தீர்களா?’ என்ற கேள்வி இருக்குமானால், அதன்முன் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: எம்மொழியில் வந்தது? உங்கள் ஊருக்கென வந்ததா? சென்ற முறை பலிக்காதபோது எவராவது வந்து பதில் சொன்னார்களா? இந்த மூன்றுக்கும் விடை வாங்கிய பிறகு, ‘விழிப்புணர்வின்மை’ என்ற சொல் உங்கள் முடிவுரையில் இன்னும் தேவைப்பட்டால் தாராளமாக எழுதுங்கள். யாருடைய விழிப்புணர்வின்மை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.