யந்திர ஏஜெண்டும் கடவுள் ஏஜெண்டும்

நமது நாட்டில் ஏஜெண்டுகளுக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. கடவுளிடம் சிபாரிசு செய்ய ஒரு ஏஜெண்டு, மோட்சத்துக்கு வழிகாட்ட ஒரு ஏஜெண்டு, செத்துப்போனவர்களுக்கு அரிசி, பருப்பு, வாழைக்காய் அனுப்பி வைக்கத் திதி ஏஜெண்டு என்பதாக இந்த வியாபாரம் வெகுகாலமாய் நடந்து வருவதை யாவரும் அறிவார்கள். அனுப்பிய சாமான் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவனும் இல்லை. சேர்ந்ததற்கு ரசீது காட்டினவனும் இல்லை. கேட்டால் நாஸ்திகன் என்று பட்டம் கிடைக்கும்.

நிற்க, கம்ப்யூட்டர் உலகத்திலும் ஏஜெண்டு என்று ஒன்று வேலை செய்து வருகின்றது. அது ஒரு சிறிய புரோகிராமேயொழிய வேறல்ல. ஒரு கம்பெனிக்குப் பத்து ஊர்களில் ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவை ஒவ்வொன்றிலும் இது குடியிருக்கும். எந்த வேலையை முதலில் செய்வது, முடிந்தால் அடுத்தது என்ன, முடியாவிட்டால் என்ன செய்வது, எந்தக் கட்டத்தில் நிறுத்தி மனிதனுடைய அனுமதியைக் கேட்பது என்பதையெல்லாம் தலைமைச் சர்வரில் வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். இதற்கு ஒர்க்ஃப்ளோ என்று பெயர். அதன்படி ஏஜெண்டானது பழைய சாப்ட்வேரைப் புதுப்பிக்கும். நின்றுபோனதை மறுபடி ஓட வைக்கும். டிஸ்க் நிரம்பினால் குப்பையைக் கூட்டும்.

2005-ல் வெளிவந்த பப்பெட் என்னும் சாதனத்தின் ஏஜெண்டு, நாம் மாற்றி அமைக்காதவரை, 30 நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வரிடம் போய், தான் இருக்கும் கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தால் ஒன்றும் செய்யாது. இல்லையானால் வேண்டிய அளவுக்கு மாத்திரம் திருத்தி, செய்ததை ரிப்போர்ட்டாக எழுதி அனுப்பிவிடும். நமது சடங்குகளோ, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் அதே தட்சணை, அதே மந்திரம்! இவ்விரண்டில் எது யோக்கியமான ஏஜெண்டு என்று வாசகர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

இவ்வேலைகளை மனிதன் கையாலேயே செய்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்கள் 2012-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந்தேதி அமெரிக்காவில் நைட் கேபிடல் என்னும் பங்கு வியாபாரக் கம்பெனியில் நடந்ததைக் கவனிக்க வேண்டுகிறோம். அங்கு 8 சர்வர்களில் புதுப் புரோகிராமைப் போட வேண்டியிருந்தது. போட்டவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. சரிபார்க்க வேண்டுமென்று எழுதி வைத்த விதியும் இல்லை. விட்டுப்போன சர்வரில் கிடந்த பழைய புரோகிராம் கண்டபடி ஆர்டர்களை அனுப்பி, சுமார் 45 நிமிஷத்தில் 46 கோடி டாலருக்கு மேற்பட்ட நஷ்டத்தை உண்டாக்கிவிட்டது. அலுப்பும் மறதியும் மனித சுபாவம். அதற்காகத்தான் இந்த யந்திர உதவி.

அப்படியானால் எழுதி வைத்தபடி யந்திரம் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2024-ம் வருஷம் ஜூலை 19-ந்தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கம்பெனி, கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் தனது ஏஜெண்டுகளுக்கு ஒரு புதுக் கோப்பை அனுப்பிற்று. அக்கோப்பு 21-வது விவரம் ஒன்றைப் பார்க்கச் சொல்லிற்று. ஏஜெண்டின் கையிலிருந்ததோ 20 விவரங்கள்தான். இல்லாததைத் தேடப் போய்க் கம்ப்யூட்டரே விழுந்தது. மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகளும் பாங்குகளும் தடுமாறின, இந்தியாவிலும் கையால் எழுதிய விமானச் சீட்டுக் கொடுக்கும்படி ஆயிற்று. கம்ப்யூட்டரே எழுந்திருக்காதபோது அதற்குள்ளிருக்கும் ஏஜெண்டு எப்படி எழுந்திருக்கும்? ஆகவே பல இடங்களில் மனிதர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அக்கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று.

அன்று வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கப் பக்தர்கள் உடனே ராகு காலத்தின் மேல் பழி போடக்கூடும். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. அந்தக் கெட்ட கோப்பு புறப்பட்டது நமது நேரப்படி காலை 9.39-க்கு. கம்பெனி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது 10.57-க்கு. கேடு வந்தது நல்ல நேரத்தில், பரிகாரம் நடந்தது ராகு காலத்தில்! ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வைக்கும் படித்த மேதாவிகள் இதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்?

உண்மையான காரணம் வேறு. கோப்பைச் சோதிக்க வேண்டிய புரோகிராமிலேயே குற்றமிருந்தது. அன்றியும், முதலில் சில கம்ப்யூட்டர்களில் விட்டுப் பார்க்காமல் உலக முழுமைக்கும் ஒரே மூச்சில் அனுப்பினார்கள். காரணம் தெரிந்ததும் அக்கம்பெனி அதை எழுதி வெளியிட்டு, இனிப் படிப்படியாகவே அனுப்புவதாகவும் சொல்லிற்று. மனுவும் விதிதான் எழுதினார். அவர் விதியால் கோடிக்கணக்கான மக்கள் விழுந்து கிடந்தும், "எங்கே பிசகு?" என்று கேட்கவே கூடாதென்றார்கள். திருத்த முடிந்த விதி அறிவு. திருத்தக் கூடாத விதி அடிமைத்தனம். இவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆபீசுகளில் சர்வரை எழுப்பும் வழியை ஒருவரே மனதில் வைத்துக்கொண்டு, மற்றவர்க்குச் சொல்லாமல் பெரிய மனிதராய் நடமாடுவதுண்டு. இது காதில் ஈயம் ஊற்றிக் காப்பாற்றிய வேதத்துக்குத் தம்பிதான். ஒர்க்ஃப்ளோவாக எழுதிவிட்டால், எந்தக் குலத்தில் பிறந்தவனும் படித்துக்கொள்ளலாம், தப்பிருந்தால் திருத்தலாம்.

ஆனால் வேலை போய்விடுமே என்று தொழிலாளத் தோழர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. அமெரிக்கக் கம்ப்யூட்டருக்காகச் சென்னையில் நடுராத்திரி விழித்திருக்கும் வாலிபனுக்கு இந்த ஏஜெண்டு தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமேயொழிய, அவன் சோற்றைப் பறிக்கக்கூடாது. பறித்தால் குற்றம் யந்திரத்தினுடையதல்ல; மிச்சமான நேரத்தையெல்லாம் லாபமாக்கித் தன் பெட்டியிலேயே பூட்டிக்கொள்ளும் முதலாளியினுடையது. சண்டையை அங்கே போட வேண்டும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். விதியை எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். முதலில் சிலவற்றில் சோதியுங்கள். ஆபத்தான கட்டத்தில் மனிதனைக் கேட்கச் சொல்லுங்கள். செய்ததற்குக் கணக்கு வாங்குங்கள். தப்பு நேர்ந்தால் கடைசி வேலைக்காரன் தலையில் கட்டாமல், விதியை எழுதினவனையும் அனுமதித்தவனையும் கேளுங்கள். இவ்வளவையும் கம்ப்யூட்டர் ஏஜெண்டிடம் கேட்கத் தெரிந்த மக்கள், கடவுள் ஏஜெண்டிடம் மாத்திரம் ஏன் கேட்கக்கூடாது?