அன்னா தைத்த அங்கி



ஜூன் திங்கள் பிறந்தால் நம் பங்குகளில் காணும் காட்சி ஒன்றுண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெற்றோர் தம் பிள்ளையைப் பங்குத்தந்தையிடம் அழைத்து வந்து ஆசீர் வேண்டுவர். பாய், தலையணை, வாளி, ஊறுகாய்ப் புட்டி என மூட்டைகள் வீட்டில் கட்டிவைக்கப்பட்டிருக்கும். மறுநாள் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டுவிடும். "விடுதியில் சேர்த்துவிட்டோம், இனிச் சாமியார் பார்த்துக்கொள்வார்" என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதல் சரிதானா?

விடுதி என்பது உண்டு உறங்கும் இடம் மட்டுமன்று. கல்வியின் ஒரு பாதி அங்கேதான் நடைபெறுகிறது. இதனை நன்குணர்ந்தவர் புனித ஜான் ஹென்றி நியூமன். ஆக்ஸ்போர்டில் இளம் ஆசிரியராயிருந்த நாளிலேயே, மாணவரைப் பயிற்றுவிப்பது ஆன்மாக்களை மேய்க்கும் பணியாகும் என வாதிட்டுக் கல்லூரித் தலைவரோடு முரண்பட்டவர் அவர். 1854இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைத் திறந்தபோது, மாணவரை ஒரே பெருங்கட்டடத்தில் குவிக்காமல் சிறு இல்லங்களாகப் பிரித்தார். இல்லத்திற்கு ஒரு பொறுப்பாளரை அமர்த்தினார்; ஓர் இல்லத்தைத் தாமே ஏற்றார். தேர்வு நடத்திப் பட்டம் மட்டும் வழங்கும் கழகத்தைவிட, இளைஞரைச் சில ஆண்டுகள் ஒன்றாக வாழவைப்பதோடு நின்றுவிடும் கழகமே மேலானது என்பது அவர் துணிபு.

நம் மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. 1950இல் இராமேசுவரத்திலிருந்து திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு வந்த அப்துல் கலாம், விடுதி அறையை இருவரோடு பகிர்ந்துகொண்டார். ஒருவர் திருவரங்கத்து ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் அந்த இசுலாமிய மாணவரே சைவ உணவகத்தின் செயலாளராயிருந்து, அதிபர் தந்தையை ஒரு ஞாயிறன்று விருந்துக்கு அழைத்தார். இத்தகைய பாடத்தை எந்த வகுப்பறை கற்பிக்கும்?

ஆயினும் நன்மை தானாக விளைவதில்லை. நாமறிந்த ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் ஒரு மகன். சிறிய கல்லூரி, சிறிய விடுதி. இரவுதோறும் தாய் கைப்பேசியில் அழைப்பாள். "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன், அம்மா." மூன்று திங்கள் இவ்வாறே கழிந்தன. ஒரு ஞாயிறன்று சொல்லாமலே சென்ற தந்தை, மகனின் சட்டை தோளில் தொங்குவதைக் கண்டு திடுக்கிட்டார். மூத்த மாணவர் சிலரின் கேலிக்கு அஞ்சி, அவன் இரவு உணவுக்கே செல்லாதிருந்தான். காப்பாளருக்கு அவன் பெயர் தெரிந்திருந்தது; பசி தெரிந்திருக்கவில்லை. தாய்க்கு அவன் குரல் கேட்டது, மெலிவு கேட்கவில்லை.

இங்கே சாமுவேலின் தாய் அன்னாவை நினைவுகூர்வோம். தவமிருந்து பெற்ற மகனைச் சீலோவிலுள்ள ஆண்டவரின் இல்லத்தில் குரு ஏலியிடம் ஒப்படைத்தாள். அதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்தாளா? இல்லை. ஆண்டுதோறும் சிறிய அங்கியொன்றைத் தைத்து எடுத்துச் சென்றாள். வளரும் பிள்ளைக்கு அங்கி தைக்க வேண்டுமாயின், அவன் எவ்வளவு வளர்ந்தான் என்பதை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? ஏலியோ தம் புதல்வர் செய்த தீமைகளைக் கேள்வியுற்றும், சொல்லளவில் கண்டித்ததோடு நின்றார். ஆண்டவரின் இல்லத்திலேயே இந்நிலை என்றால், நம் விடுதிகள் எம்மாத்திரம்!

விடுதியில் நிகழ்ந்த ஒரு கொடிய கொலைக்குப்பின், 1997இல் பகடிவதையைத் தடைசெய்யும் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது. சட்டம் தேவையே. எனினும், நடந்ததைச் சொல்ல வாய் திறக்கும் மாணவனுக்கே அது துணைநிற்கும். அவனுக்கு வாய் திறக்கும் துணிவைத் தருவது வீடு.

ஆகவே பெற்றோரே, திங்களுக்கொருமுறையேனும் நேரில் செல்லுங்கள். மதிப்பெண்ணைக் கேட்குமுன் அறைத்தோழன் பெயரைக் கேளுங்கள். பிள்ளையோடு உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்ணுங்கள். விடுமுறைக்கு வரும்போது, வீடு இல்லாத நண்பனையும் அழைத்துவரச் சொல்லுங்கள். விடுதிப் பொறுப்பேற்றுள்ள தந்தையரே, சகோதரிகளே, இரவு மணி அடித்தபின் விளக்குகளை மட்டும் எண்ணாதீர்கள். அன்று உண்ணாத முகம் எது என்றும் எண்ணிப்பாருங்கள்.

நாம் சொன்ன அம்மாணவன் கல்லூரியை விட்டு விலகவில்லை. தந்தை தங்கிய அந்த இரவில், விடுதித் தந்தையும் அவர்கள் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். அடுத்த ஆண்டு, புதிதாக வந்த மாணவர்களை உணவுக்கூடத்திற்குக் கைபிடித்து அழைத்துச் சென்றவன் அவனே.

இந்த ஜூனில் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் அன்னாவின் ஊசியும் நூலும் ஓயாதிருக்கட்டும்.