எழுத வராது என்பவர்கள்

இடையில் படிப்பை விட்டு வேலைக்குச் சென்று, சில ஆண்டுகள் கழித்துப் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வரும் இளைஞர்களிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது, 'எனக்கு எழுத வராதுங்க' என்பதுதான். கணக்கு வராது என்னும்போது இல்லாத கூச்சம் இதைச் சொல்லும்போது முகத்தில் வந்துவிடுகிறது.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலிருந்து திரும்புவோரை எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக்கிலோ பேட்லாக்கிலோ பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள், அன்றன்று தைத்த எண்ணிக்கையையும் பார்த்த ஒன்றரை ஷிப்டையும் கைநோட்டில் குறித்து வைப்பார்கள். சம்பளம் குறைந்தால் அதைக் காட்டித்தானே கேட்க வேண்டும்? ஆனால் அதை அவர்கள் எழுத்தாகவே எண்ணுவதில்லை. எழுத்து என்றால் முன்னுரை, முடிவுரையோடு கூடிய கட்டுரை. ணகர னகரத்தின் மேல் சிவப்பு மையில் போட்ட சுழி. எழுத்தாளர் என்பவரோ பாடநூலின் 'நூல்வெளி'யில் பிறந்த ஊரோடும் விருதுகளோடும் இருப்பவர். பேசுவது ஒன்றும் எழுதுவது வேறொன்றுமான நம் மொழியில், தம் சொற்களுள் எது தாளில் ஏறும், எது ஏறாது என்று அறியாமலே பலரும் பேனாவை வைத்துவிடுகின்றனர்.

சிற்றிதழ் வாசகர்களிடம் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. ஜெயகாந்தன் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காத கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். பள்ளிதானே எழுத்தைக் கெடுக்கிறது என்பார்கள். கேட்க இனிமைதான். ஆனால் ஜெயகாந்தனுக்குக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் பள்ளியாயிற்று. பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அப்படியொன்று எங்கே இருக்கிறது?

திரும்பி வருவோர் வேண்டுவதும் வேறு. வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவருக்குப் பணம் கொடுக்காமல் பட்டா மாறுதலுக்குத் தாமே எழுத வேண்டும். நின்றுபோன பி.எஃப். தொகையைக் கேட்டு எழுத வேண்டும். இதை இலக்கியம் அன்று என ஒதுக்குவோரிடம் நமக்கு உடன்பாடில்லை.

கைநோட்டிலிருந்து தொடங்கலாம் என்பது நம் கருத்து. புதன்கிழமைக்கு நேரே எண் இல்லையே, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மின்தடை, விரலில் ஏறிய ஊசி, தங்கையின் திருமணம் என அரைப்பக்கம் வந்துவிடும். 'இதுக்கு மார்க் உண்டுங்களா?' என்று உடனே கேட்பவர்களும் அவர்களே. தேர்வு நெருங்கும்போது அக்கேள்வி நியாயமானது; அதைக் கேட்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்னும் வடிவம் தேர்வுத்தாளுக்கும் அரசு அலுவலகத்துக்கும் பொதுவானது. மாதிரிக் கடிதத்தில் எரியாத தெருவிளக்கு இருக்கும் இடத்தில், வராத சம்பளத்தை வைத்து எழுதச் சொல்லலாம்.