நாலு வயசில என்ன ஓய்வு?

ஃபிளைட்லைன் ஆறே ஆறு ஓட்டம்தான் ஓடியது. ஆறிலும் வெற்றி. 2022 பசிபிக் கிளாசிக்கில் இரண்டாவதாக வந்த குதிரையை 19 குதிரை நீளத்துக்கு மேல் பின்னால விட்டது. நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்றது. அடுத்த நாளே ஓய்வு எண்டு அறிவிச்சிட்டாங்கள். வயசு நாலு!

காயத்தால் இல்லை, காசால. அதன் உரிமையில் நாற்பதில் ஒரு பங்கு மட்டும் 46 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. பொலிகுதிரையாக அதற்கு முதல் வருசம் வைத்த கட்டணம், ஒரு பெட்டைக்கு 2 இலட்சம் டொலர். ஒரு பொலிகுதிரைக்கு வருசத்தில் 140 பெட்டைகளுக்கு மேல் கூடாது எண்டு அமெரிக்க ஜொக்கி கிளப் விதி கொண்டு வந்தது. பெரிய பண்ணைகள் வழக்குப் போட, 2022இல் அதையும் கைவிட்டது.

களைச்ச குதிரைக்கு ஓய்வு வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்ல. ஹொங்கொங்கைப் பாருங்கோ. அங்க ஓடுறது பெரும்பாலும் காயடித்த குதிரைகள் (அது குதிரைக்கு நல்லதோ எண்டது வேற கதை). பண்ணைக்கு அனுப்ப வழியில்லை, அதனால ஓடுது. கோல்டன் சிக்ஸ்டி எட்டு வயசில, 2023இல், மூன்றாம் தரமும் ஹொங்கொங் மைல் வென்றது. சனம் வருசக்கணக்காக அதைப் பார்த்தது. எங்களுக்கு ஃபிளைட்லைனில கிடைச்சது ஆறு ஓட்டம்.

ஆறு வயசாகாத பொலிகுதிரையின் குட்டிகளை இனப் பதிவேட்டில் சேர்க்கக்கூடாது எண்டு விதி போடுங்கோ. அதுக்கும் வழக்குப் போடுவாங்கள். போடட்டும்.