பெருக்கினால் பெருகும் நஞ்சு

தொழிற்கூடங்களிலும் ஆய்வகங்களிலும் பாதரசம் சிந்திவிட்டால், அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டி, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்னும் நம்பிக்கை, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடின்றிப் பரவியிருக்கிறது. இந்த நம்பிக்கையின்படி நடப்பவர், அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறியவரைவிட மோசமான நிலையைத் தம் கையாலேயே உண்டாக்குகிறார்.

நம்பிக்கைக்கு வேர் ஓர் அரை உண்மையில் இருக்கிறது. உடைந்த வெப்பமானியிலிருந்து ஒரு துளி பாதரசத்தை விழுங்கிய குழந்தை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஏனெனில் திரவ நிலையிலுள்ள பாதரசத்தில் குடல் உறிஞ்சிக்கொள்வது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளி ஆய்வகத்தில் உள்ளங்கையில் அதை உருட்டி விளையாடிய தலைமுறையும், ரசமணியைக் கழுத்தில் அணியும் வழக்கமும் இந்தத் துணிவை வளர்த்திருக்கின்றன. ஆனால் சித்த மருத்துவமே ரசத்தைச் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சு நீக்கும் முறைகளுக்கு உட்படுத்தாமல், தொடுவதில்லை என்பதை இந்தத் துணிவு மறந்துவிடுகிறது. உண்மையான வாயில் குடலன்று, நுரையீரல். நிறமும் மணமும் இல்லாத பாதரச ஆவியை மூச்சில் இழுத்தால் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலிலேயே தங்கி, குருதி வழியாக மூளையையும் சிறுநீரகத்தையும் அடைகிறது. கைநடுக்கம், ஈறு வீக்கம், காரணமற்ற எரிச்சல், நினைவுக் குறைவு ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றுவதால், அவற்றுக்கும் பல மாதங்களுக்கு முன் தரையில் உருண்ட வெள்ளி மணிகளுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் புலப்படுவதில்லை.

துடைப்பம் செய்வது என்ன என்பதை இங்கே பார்க்க வேண்டும். அதன் ஈர்க்குகள் ஒரு துளியை நூற்றுக்கணக்கான நுண்துளிகளாகச் சிதறடிக்கின்றன. எடை மாறாவிட்டாலும் காற்றைத் தொடும் பரப்பு பன்மடங்காகிறது. ஆவியாதலும் அதற்கேற்பப் பெருகுகிறது. சாதாரண வாக்குவம் கிளீனர் இதனினும் கொடியது, ஏனெனில் அது பாதரசத்தைச் சூடாக்கி, அறை முழுவதும் ஆவியாக ஊதிவிடுகிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் பாதரசத்தையே அனுமதித்தது. காற்றோட்டமற்ற அறையில் 20 டிகிரி செல்சியஸில் காற்று ஏற்கக்கூடிய அளவோ ஏறத்தாழ 13 மில்லிகிராம், அதாவது வரம்பைப்போல் 250 மடங்குக்கும் மேல்.

பார்வைக்குத் தூய்மையாக இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்குத் தமிழகம் கொடுத்த விலை கொடைக்கானலில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1983-இல் பாண்ட்ஸ் நிறுவனத்தால் அங்கே நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதை ஊர்மக்களும் சூழலியல் அமைப்புகளும் வெளிப்படுத்திய பிறகே ஆலை மூடப்பட்டது. கழிவும் கசடுமாக ஏறத்தாழ 290 டன், 2003-இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளரின் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணமன்று என்று நிறுவனம் வாதிட்டுவந்தது. எனினும் 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு கண்டது. பெருவெள்ளமாகக் கொட்டியதால் நேர்ந்த கேடன்று இது. அன்றாடம் உடைந்த குழாய்களும் சிந்திய துளிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து விளைந்தது.

இது நிகழ்ந்தது குளிர்ந்த மலையூரில். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலோ ஆண்டின் பெரும்பகுதி வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அந்த வெப்பத்தில் காற்று ஏற்கும் பாதரச ஆவி, 20 டிகிரியில் ஏற்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பாதரச ஆலை எதுவும் இல்லாத தீவுகளுக்கு இந்தக் கவலை எதற்கு என்பது அதே நம்பிக்கையின் மற்றொரு முகம். மருத்துவமனையின் பழைய இரத்த அழுத்தமானி ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 100 கிராம் பாதரசம் இருக்கக்கூடும். பழைய வகைக் காற்றழுத்தமானிகளிலும் கப்பல் பட்டறைகளின் அளவுக் கருவிகளிலும் பாதரசம் இடம்பெற்றதுண்டு.

சிந்திய கணத்தில் முதலில் செய்ய வேண்டியது அள்ளுவதன்று, ஆட்களை, குறிப்பாகக் கருவுற்றவர்களை, வெளியேற்றுவது. பின் குளிர்சாதனத்தை நிறுத்தி, உட்கதவுகளை மூடி, வெளிப்புறச் சன்னல்களைத் திறப்பது. தங்க நகையைக் கழற்றி, நைட்ரைல் கையுறையும் பாதரச ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியும் அணிந்தவரே திரும்ப நுழைய வேண்டும். துணி முகமூடி ஆவியை நிறுத்தாது. விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் மணிகள் மின்னும். அவற்றை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அட்டையால் ஒதுக்கி, துளிக்குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் புட்டியில் சேர்க்க வேண்டும். கந்தகத்தூள் தூவினால் போதும் என்பதும் பாதியளவே சரி, ஏனெனில் அறை வெப்பத்தில் கந்தகம் துளியின் மேற்பரப்பில் ஒரு படலத்தையே உண்டாக்குகிறது. வேலை முடிந்ததா என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது. ஆவி அளக்கும் கருவியே தீர்மானிக்க வேண்டும்.

தரையைக் கழுவிய நீரைச் சாக்கடையில் விடுவது தீவுகளில் மன்னிக்க முடியாத பிழை. இங்கே 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் அலையாத்திக் காடுகள் இருக்கின்றன. அவற்றின் உயிர்வளியற்ற சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக, மீனின் தசையில் சேர்ந்து உண்பவரை அடையும் வடிவமாக, மாற்றவல்லவை. புட்டியில் அடைத்ததையும் எளிதில் அனுப்பிவிட முடியாது: பாதரசம் அலுமினியத்தை அரிப்பதால் விமானத்தில் அதற்குக் கடுங்கட்டுப்பாடு உண்டு, கப்பல் வழியோ சென்னைக்கு 1,100 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே ஸ்ரீ விஜயபுரத்திலோ கார் நிக்கோபாரிலோ ஒரு கருவி உடைந்தால், அந்தப் புட்டி எந்த அறையில், யார் பொறுப்பில், எந்தப் பதிவேட்டின்கீழ், எந்தக் கப்பல் வரும்வரை காத்திருக்கும் என்பது கருவி உடைவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.